தாங்கிப் பக்கத்து ஓவர்

ரிஸ்மியிடம் ஒரு போலர் எப்படி என்று கேட்டால், அவன் முதலில் தன் உள்ளங்கைகளைத்தான் பார்ப்பான். அக்குறணை ஓயாக்கரை அணிக்கு அவன்தான் கெப்டன், விக்கெட் கீப்பரும் அவன்தான். டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் கீப்பருக்கு ஏது கையுறை? வெறுங்கைதான். பேஸ்புக்கில் கத்துகிறவன் ஆயிரம் கத்தட்டும், கையில் வந்து அறைகிற பந்து பொய் சொல்லாது என்பது அவன் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவன்தான், உறுப்பினரும் அவன்தான்.

மோகனராஜின் பந்தை அந்தக் கைகள் ஒன்பது வருஷமாக வாங்குகின்றன. மடுல்கெல்லத் தோட்டத்து அணிக்காக முதன்முதலில் எதிரே விளையாட வந்த மனிதர், ஒரே பந்தில் ரிஸ்மியின் நடுக்குச்சியைப் பிடுங்கிக் கீப்பருக்குப் பின்னால் எறிந்தார். ரிஸ்மிக்கு அவமானம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அவருடைய த்ரீவீலில் போய் ஏறிக்கொண்டு, எங்கள் அணிக்கு வருவதாகச் சொல்லும்வரை இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். கட்டுகஸ்தோட்டையில் த்ரீவீல் ஓட்டுகிறவருக்கு அக்குறணை ஒரு தூரமா? சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் மோகனராஜ் பந்து போட்ட இரவுகளில் ரிஸ்மி சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவான். உள்ளங்கை இரண்டும் கொய்யாப்பழத்தின் உள்பக்கம்போலச் சிவந்துபோய், குழம்பு பட்டால் எரியும். அவன் மனைவி அஸீமா, சோற்றுக் கோப்பையோடு கரண்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள். இந்தக் கதை அணி முழுக்கப் பரவி, மாட்ச் முடிந்ததும் மோகனராஜே வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது.

"என்னா கெப்டன், இன்னைக்குக் கையா, கரண்டியா?"

"கரண்டிதான் அண்ணே!" என்று ரிஸ்மி கத்துவான். அணி மொத்தமும் சேர்ந்து கூச்சல் போடும்.

இரண்டு வருஷமாக ரிஸ்மி கையால்தான் சாப்பிடுகிறான். மோகனராஜும் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிஸ்மியை அரித்துக்கொண்டிருந்த விஷயம். கம்பளை அணியோடு இறுதிப்போட்டி. அது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, கட்டாரில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் நடத்தும் போட்டிக்கு ஓயாக்கரை அணியை நளீர் ஹாஜியார் கூட்டிக்கொண்டு போகிறார். டைல்ஸ் கடை ஹாஜியார் ஒரு பேச்சுச் சொன்னால் சொன்னதுதான். எல்லாருக்கும் இடம் சரி, ஒரே ஒரு வேகப் போலருக்குத்தான் இடம் மிச்சம். மோகனராஜா, ஸாகியா? ஒருவருக்கு நாற்பத்தொன்று, மற்றவனுக்கு இருபத்தொன்று.

"ரிஸ்மி மகன், மாட்ச் முடிஞ்ச கையோட பேரச் சொல்லிப் போடணும். டிக்கட் போடுறவன் காலைல கேக்குறான்" என்று ஹாஜியார் மைதானத்துக்குள் வரும்போதே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, பெரிய குடையின் கீழே தனக்குப் போட்ட கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ஒரு பையன், ஆட்டத்தைப் பேஸ்புக் லைவில் காட்டுவதற்குப் போனை நிறுத்திக்கொண்டிருந்தான்.

மனசுக்குள் ரிஸ்மி முடிவு செய்துதான் வந்திருந்தான். ஸாகி. பையனின் பந்து கையில் சுள்ளென்று விழுகிறது. மோகனராஜின் பந்து, பாவம், தபாலில் வருகிறது. மோகனராஜ் போடும்போது ரிஸ்மி குச்சிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, கொட்டாவி விடாத குறையாகப் பிடிக்கிறான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

முடிவு எடுப்பது லேசு. அதைச் சொல்லும் வாய்தான் வரவில்லை. ஏனென்றால் மோகனராஜின் மனைவி ஜெயராணி, கட்டாரில் டோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் மூன்று வருஷம். ஒப்பந்தம் முடிகிற நேரம் பார்த்து இன்னொரு தடவை நீட்டிக்கொண்டாள், வீடு கட்டி முடியவேண்டும் என்று. இந்தப் பயணம் மோகனராஜுக்கு என்ன பயணம் என்று அணியில் தெரியாதவன் கிடையாது.

மாட்ச் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மோகனராஜே அவனைப் பிடித்துக்கொண்டார். நெடுநெடுவென்ற ஆள், காதோரம் நரை, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"கெப்டன், நேராவே கேக்குறேன். என் பேரு இருக்குங்களா?"

"அது அண்ணே... ஹாஜியார்ட்ட இன்னம் பேசல்ல... இண்டைக்கு மாட்ச் முடியட்டுமே..."

"சரி, வெளங்குது." மோகனராஜ் எழுந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஜெயராணி அங்க இருக்கான்னு பரிதாபப்பட்டு என் பேரப் போட்டுறாதீங்க. பந்துக்காகன்னா போடுங்க. அவ்வளவு தூரம் போயி நான் பெஞ்சுல குந்திக்கிட்டு இருந்தா, அவ லீவு கேட்டு வந்து எதப் பாப்பா?"

"அண்ணே, அப்பிடிச் சொல்ல வாணாம்..."

"சொல்லித்தானேங்க ஆகணும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். ரிஸ்மிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழத் தெரியாத ஆளாகையால் கோபத்தை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் குச்சி நட்டுக்கொண்டிருந்தவனை, கோணலாக நடுகிறாய் என்று காரணமில்லாமல் ஏசினான்.

மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கண்டிப் பக்கத்தில் சமதரையில் மைதானம் கேட்பவன் வேறு ஊர் பார்க்கவேண்டும். மலையைச் செதுக்கி எடுத்த இடம் அது. நடுவில் சீமெந்துப் பிட்ச் மட்டும் மட்டம். மேல் பக்கத்தில் தண்ணீர் தேக்கிவைக்கிற தாங்கி, கீழ்ப் பக்கத்தில் பலாமரம். தாங்கிப் பக்கமிருந்து பந்து போட ஓடிவந்தால் இறக்கம், பலாமரப் பக்கமிருந்து ஓடினால் ஏற்றம். பிறந்ததிலிருந்து ஏறியும் இறங்கியும் நடக்கிற கால்களுக்கு இது ஒரு விஷயமா? யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை, யோசிப்பதுமில்லை. ஒரு ஓவர் மேலிருந்து, ஒரு ஓவர் கீழிருந்து, அவ்வளவுதான்.

ஓயாக்கரை முதலில் அடித்தது. அணிக்கு ஆறு ஓவர் ஆட்டம். ரிஸ்மி போன வேகத்திலேயே திரும்பிவந்து, மட்டையைத் தூக்கி எறிந்து, ஹாஜியாரிடம் ஒரு முறைப்பு வாங்கினான். மற்றவர்கள் எப்படியோ தட்டிமுட்டி அறுபத்தொன்று சேர்த்தார்கள். கம்பளைக்கு அறுபத்திரண்டு வேண்டும். அவர்களிடம் சஞ்சீவ் இருந்தான். அடித்தால் பந்தைத் தேட ஆள் அனுப்பவேண்டும், அப்படிப்பட்ட சஞ்சீவ்.

அஸர் தொழுகைக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள். பள்ளிக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் மழை ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. மேலே விழுந்த தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? பலாமரப் பக்கம் இறங்கி, அங்கே போலர்கள் ஓடுகிற பாதையைச் சேறாக்கிவிட்டது. அம்பயர் அதில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை.

"இனி எல்லா ஓவரும் தாங்கிப் பக்கமிருந்தே. ரெண்டு கெப்டனுக்கும் சம்மதமா?"

"எந்தப் பக்கமிருந்து வந்தா என்னா, அடிக்கிறது நாங்கதானே" என்றான் கம்பளைக் கெப்டன். ரிஸ்மியும் தலையாட்டினான். சேற்றில் நிற்கப்போவது கீப்பராகிய தான்தான் என்பது தலையாட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

முதல் ஓவர் ஸாகி. முடியை ஒருதரம் கோதிவிட்டு, தாங்கிப் பக்கமிருந்து பாய்ந்து வந்தான். புதுப் பந்து, நல்ல வேகம், ரிஸ்மியின் கை சுள்ளென்றது. ஆனால் கம்பளைக்காரர்கள் வேகத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. பதினொரு ஓட்டம் போனது. அடுத்த ஓவரும் சும்மா இருக்கவில்லை. மைதானத்துக்கு மேலே பாதையில் நிறுத்தியிருந்த லொறியின் கூரையில் கம்பளை ஆதரவாளர்கள் ஏறிக்கொண்டு தாளம் தட்டினார்கள்.

மூன்றாவது ஓவரை ரிஸ்மி மோகனராஜிடம் கொடுத்தான். உண்மையைச் சொன்னால், கொடுத்து முடித்துவிடுவோம் என்றுதான் கொடுத்தான். நல்ல ஓவர்களைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, தபால் ஓவரை நடுவில் ஓட்டிவிடுவது கணக்கு. வழக்கப்படி குச்சிக்கு ஒட்டிக் குந்தினான். சேறு கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

மோகனராஜ் மேலே தாங்கியடியில் திரும்பினார். ஓடிவரத் தொடங்கினார். முதல் நாலு எட்டு மெதுவாகத்தான். பிறகு இறக்கம் அவரைத் தள்ளியதா, அவர் இறக்கத்தைத் தள்ளினாரா தெரியவில்லை. கை சுழன்றது.

ரிஸ்மி பந்தைப் பார்க்கவேயில்லை. மட்டையைத் தாண்டி வந்த பந்து அவன் விரல் நுனியைத் தட்டி, தோளில் பலமாக மோதி, சரிவில் உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனது. ரிஸ்மி சேற்றில் மல்லாந்து கிடந்தான். கம்பளைக்கு நாலு ஓட்டம், இனாமாக.

லொறிக் கூரை குலுங்கியது. "கீப்பருக்குக் கட்டில் ஒண்டு கொண்டுவந்து போடுங்கோ!" என்று எவனோ கத்தினான். ஹாஜியார் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

ரிஸ்மி எழுந்தான். காதுவரைக்கும் சூடேறியிருந்தது. யாரைத் திட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். திட்டுவதற்குத் தன்னைத் தவிர யாரும் இல்லை. இவ்வளவு பக்கத்தில் யார் குந்தச் சொன்னது? சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி ஐந்தாறு எட்டுப் பின்னால் போய் நின்றான். முன்னொரு காலத்தில் மோகனராஜுக்கு நின்ற அதே இடம். கால் தானாகவே அங்கே போனது.

அடுத்த பந்து. அடிக்கிறவன் மட்டையை இறக்கும்போது பந்து அவனைத் தாண்டியிருந்தது. படார்! ரிஸ்மியின் இரண்டு கையிலும் தீப்பிடித்தது. "அல்லாஹ்!" என்றான், வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

பந்தைத் திருப்பி எறிவதற்காக நிமிர்ந்தவன், எறியாமல் அப்படியே நின்றான். எதிரே மோகனராஜ். அவர் தலைக்கு மேலே நீல நிறத் தண்ணீர்த் தாங்கி. இந்தக் காட்சியைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

அப்போது மோகனராஜ் தோட்டத்துப் படியில் வழுக்கி முழங்காலைப் பிசகிக்கொண்டார். இறக்கத்தில் ஓடிவந்தால் முழங்கால் போய்விடும் என்று பயந்து, ரிஸ்மிதான் அவரைத் தாங்கிப் பக்கமிருந்து எடுத்துப் பலாமரப் பக்கத்தில் போட்டான். தன்னுடைய நல்ல மனசை நினைத்து அன்று அவனுக்கே பெருமையாக இருந்தது. காலியான தாங்கிப் பக்கத்தை, அந்த வருஷம் புதிதாக வந்த ஸாகிக்குக் கொடுத்தான். அதோடு அந்த விஷயத்தை மறந்தும்விட்டான். மறந்தவன் சும்மா இருந்தானா? ஏற்றத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து போட்ட பந்தையும், இறக்கத்தில் பறந்துவந்து போட்ட பந்தையும் ஒரே கையில் வாங்கி, இது கிழம், அது குமர் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான்! கை பொய் சொல்லவில்லை. கைக்குச் சொந்தக்காரனுக்குத்தான் மூளை இல்லை.

ஆனால் ரிஸ்மி லேசில் மயங்குகிற ஆளும் இல்லை. பந்து நனைந்து கனத்துவிட்டதா? நசுக்கிப் பார்த்தான். மழைக்குப் பிறகு எடுத்த புதுப் பந்து, மேலே சேறு பட்டதே தவிர கனக்கவில்லை. இறக்கம் ஸாகிக்கும் இறக்கம்தானே? ஆமாம். ஒரே பக்கம், ஒரே பந்து, ஒரே கை. ஸாகியின் பந்து சுள்ளென்றது. இது சுட்டது.

பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிட்சின் நடுவுக்கு ஓடினான்.

"அண்ணே, முழங்கால் எப்பிடி?"

மோகனராஜ் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "அது போன வருஷமே சரியாப் போச்சே."

"பின்ன ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல? பலாமரப் பக்கம் ஏலாதுண்டு சொல்லீக்கலாமே!"

"நீங்க கெப்டன். தாங்கிப் பக்கம் ஸாகிக்குன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்." கையை நீட்டினார். "பந்தக் குடுங்க. அம்பயர் மொறைக்கிறாரு."

அந்த ஓவரில் அதற்குப் பிறகு இரண்டே ஓட்டம்தான். லொறிக் கூரையில் தாளம் நின்றது. நம் பக்கத்தில் விசில் கிளம்பியது. ஆனால் நாலாவது ஓவரில் ஒருவன் அவுட்டாகிப் போக, சஞ்சீவ் உள்ளே வந்து தன் வழக்கப்படி விளாசினான். ஐந்தாவது ஓவர் முடிந்தபோது கம்பளை ஐம்பதில் நின்றது. கடைசி ஓவரில் பன்னிரண்டு வேண்டும், சஞ்சீவ் முன்னால் நிற்கிறான்.

ஒரே ஒரு போலர் மட்டும் இரண்டாவது ஓவர் போடலாம் என்பது போட்டியின் விதி. ஸாகி தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு தயாராக நின்றான். மாட்ச் தொடங்கும்போது அவனுக்குத்தான் கடைசி ஓவர் என்று ரிஸ்மி சொல்லியிருந்தான். எல்லைக் கோட்டருகே மோகனராஜ் இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதையும் ரிஸ்மி பார்த்தான். வயசு நாற்பத்தொன்று என்பதை எந்த இறக்கமும் மாற்றப்போவதில்லை. அங்கே கட்டாரில் ஒரே நாளில் மூன்று மாட்ச் இருக்கும், வெயிலும் இருக்கும். இந்த மனிதர் தாங்குவாரா?

ஓடிப்போய்க் கேட்டான். "அண்ணே, இன்னொண்டு ஏலுமா? உண்மையச் சொல்லுங்க."

மோகனராஜ் யோசித்துத்தான் சொன்னார். "ஆறும் வேகமாப் போட ஏலாதுங்க. மூணு போடுவேன். மத்த மூணுக்கு வேற வச்சிருக்கேன்."

"வேறண்டா என்னா?"

"கீழ இருந்து போட்டேன்ல ரெண்டு வருஷம்? ஏத்தத்துல வேகம் வரல. வேகம் இல்லாம எப்படிப் பொழைக்கிறதுன்னு பாத்துக்கிட்டேன்."

ரிஸ்மி பந்தை அவர் கையில் வைத்து அழுத்தினான். பிறகு ஸாகியிடம் போய், "நீ பைன் லெக்குல, பலாமரத்தடியில நில்லு மச்சான்" என்றான். ஸாகியின் முகம் சட்டென்று விழுந்தது. சேற்றை மிதித்துக்கொண்டு கீப்பருக்குப் பின்னால் இருந்த எல்லைக்குப் போனான்.

முதல் பந்தை வேகமாகத்தான் போட்டார். சஞ்சீவ் அதைத் தூக்கி லொறிக்கு மேலாலே அனுப்பினான். ஆறு! லொறிக் கூரையில் ஆட்டம் ஆடியவர்களில் ஒருவன் கீழே விழுந்து, எழுந்து, மறுபடியும் ஏறி ஆடினான். ஐந்து பந்தில் ஆறு ஓட்டம் போதும். ஹாஜியார் குடையை விட்டு வெளியே வந்துவிட்டார். ஸாகி பலாமரத்தடியில் நின்று ஆகாயத்தைப் பார்த்தான். தப்பான முடிவு எடுத்துவிட்டேனா என்று ரிஸ்மி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது பந்து இன்னும் வேகம். சஞ்சீவின் மட்டை காற்றை அடித்தது. படார்! ரிஸ்மியின் இடது கை மரத்துப்போனது.

மூன்றாவது பந்துக்கும் அதே ஓட்டம், அதே பாய்ச்சல், அதே கைச் சுழற்சி. ஆனால் பந்து வரவில்லை! சஞ்சீவ் அடித்து முடித்துவிட்டான், பந்து அப்போதுதான் வந்து சேர்ந்தது. மட்டையின் அடியில் பட்டு எங்கேயோ தெறித்தது. விழுந்தடித்து இரண்டு ஓட்டம் எடுத்தார்கள். ரிஸ்மி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பலாமரப் பக்கம் தன் கையில் வந்து சேர்ந்த அதே தபால்தான் இது. ஏற்றத்தில் வரும்போது, மெதுவாக வருகிறது என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியும். இறக்கத்தில் பாய்ந்து வந்து போட்டால் எவனுக்குத் தெரியும்?

மூன்று பந்து, நாலு ஓட்டம். நாலாவது வேகமாக வந்தது. மெதுவாக வரும் என்று காத்திருந்த சஞ்சீவ் மட்டையை இறக்கவேயில்லை. ரிஸ்மியின் கையில் மறுபடியும் நெருப்பு. ஐந்தாவதை சஞ்சீவ் பலமாக அடித்தான், நேராக ஆளிடம் போனது. ஒரு ஓட்டம் ஓட எதிரே நின்றவன் பாதி தூரம் வந்துவிட்டான். "போ! போ!" என்று சஞ்சீவ் அவனைத் துரத்தினான். கடைசிப் பந்தைத் தானே அடிக்கவேண்டுமாம்.

ஒரு பந்து. நாலு ஓட்டம்.

மோகனராஜ் தாங்கியடிக்கு நடந்துபோக இவ்வளவு நேரம் எப்போதும் எடுத்ததில்லை. மூச்சு வாங்குவது இங்கிருந்தே தெரிந்தது. வேகமா, மெதுவா? ரிஸ்மிக்கே தெரியவில்லை. பின்னால் நிற்பதா, கிட்ட நிற்பதா என்று கால்கள் சேற்றில் தத்தளித்தன. கடைசியில் நின்ற இடத்திலேயே நின்று கலிமாவை முணுமுணுத்தான்.

பாய்ந்து வந்தார். கை சுழன்றது. பந்து வரவில்லை.

சஞ்சீவ் முன்கூட்டியே சுழற்றிவிட்டான். மட்டையின் மேல் விளிம்பில் பட்ட பந்து நேரே வானத்துக்குப் போய், ரிஸ்மியின் தலைக்கு மேலால் பலாமரப் பக்கம் வளைந்தது. ரிஸ்மி திரும்பிப் பார்த்தான். கீழே எல்லைக் கோட்டில் ஸாகி. பந்து நேராக அவனிடம்தான் இறங்கியது.

அப்போதுதான் ரிஸ்மிக்குக் கணக்குப் புரிந்தது. இந்தப் பந்தைப் பிடித்தால் கிண்ணம் ஓயாக்கரைக்கு, கட்டார் மோகனராஜுக்கு. விட்டால் கடைசி ஓவரைக் கிழவரிடம் கொடுத்த கெப்டனின் தலையில் ஊரே மண்ணை வாரிப் போடும், ஸாகியின் டிக்கட் நிச்சயம். இது ரிஸ்மிக்குத் தெரிந்தால் ஸாகிக்குத் தெரியாதா? பையனின் முகத்தில் தெரிந்தது, அவனுக்கும் தெரியும் என்று.

ஸாகியின் கால் சேற்றில் வழுக்கியது. ஒரு முழங்கால் மடிந்து விழப்போனான். விழுந்துகொண்டே இரண்டு கையையும் நீட்டி, எல்லைக் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், பந்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஹாஜியார் செருப்பில்லாமல் சேற்றில் நின்று கைதட்டினார். ரிஸ்மி நேராக ஸாகியிடம் ஓடி, அவனைத் தூக்கிச் சுற்றினான். ஸாகி சிரித்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. அவனுக்குக் கவலைதான், கவலை இல்லாமல் இருக்குமா? பந்தைத் துடைத்து, தானே நடந்துபோய் மோகனராஜின் கையில் கொடுத்தான்.

"அண்ணே, அந்த ஸ்லோ பந்த எனக்கும் காட்டித் தரணும்" என்றான். "கட்டாருக்குப் போக முந்தி."

மோகனராஜ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஹாஜியார் வந்து சேர்ந்தார். "ரிஸ்மி மகன், பேரு?"

ரிஸ்மி இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். சிவந்து, வீங்கி, விரல்கள் மடங்க மறுத்தன. ஹாஜியார் அந்தக் கைகளைப் பார்த்தார், மோகனராஜைப் பார்த்தார், "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அந்த நேரம் மோகனராஜின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. டோஹாவில், எங்கோ ஒரு குசினியின் அடுப்பு மூலையில், ஜெயராணியின் பதறிய முகம்.

"என்னாங்க ஆச்சு? லைவுல பாத்துக்கிட்டே இருந்தேன், பந்து மேல போச்சு, படம் அப்படியே நின்னுபோச்சு! பந்து இன்னும் வானத்துலயே நிக்கிது! எறங்குச்சா இல்லையா?"

மோகனராஜ் போனை ரிஸ்மியின் பக்கம் நீட்டினார். ரிஸ்மி அவர் கையிலிருந்து போனை வாங்கினான். வாங்கும்போதே உள்ளங்கை எரிந்தது. வலது கையை விரித்து கேமராவுக்கு நேரே பிடித்தான்.

ஜெயராணி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். எத்தனை வருஷம் கணவன் வாயால் கேட்ட கதை அது! அவளுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"கரண்டிங்களா, கெப்டன்?"

"கரண்டிதான் அக்கா!" என்று ரிஸ்மி மைதானமே கேட்கக் கத்தினான். "அடுத்த மாசம் டோஹாவுலயும் எனக்கு ஒண்டு எடுத்து வைங்க. போலரையும் கூட்டிக்கொண்டுதான் வாறம்."